‘புட் தி ஃபேன்’ என்றால் ஏன் ஃபேனைத் தூக்குகிறார்கள்?

ஜூன் 2, கேள்வி

வேலை விஷயமாக மான்செஸ்டரில் மூன்று வாரம் தங்க நேர்ந்தது. ஒரு வீட்டு மாடியில் வாடகை அறை. வந்த வாரமே நல்ல வெயில். மூலையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது, ஆனால் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் ‘ப்ளீஸ் புட் தி ஃபேன்’ என்றேன். அவர் ஃபேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ‘வேர், லவ்?’ என்று கேட்டார். முப்பது வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஊரில் ஒருத்தரும் ஃபேனைத் தூக்கியதில்லை. போடு என்றால் புட்தானே? இதில் என்ன தப்பு?

ஜூன் 2, இரவு, பதில்

போடு என்றால் புட்தான். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தம்மா ‘எங்கே’ என்று கேட்டது கிண்டல் இல்லை, இலக்கணம். ஆங்கிலத்தில் புட் என்று வாயெடுத்தால் போடுகிறவர், போடுகிற பொருள், அது போய்ச் சேரும் இடம் என்று மூன்றும் வந்தாக வேண்டும். ‘ஐ புட் தி புக்’ என்று நிறுத்திப் பாருங்கள், கேட்கிறவர் மீதிக்காகக் காத்திருப்பார். மேஜை மேலா, பைக்குள்ளா? ‘ஆன் தி டேபிள்’ என்றோ ‘இன் தி பேக்’ என்றோ சொல்ல வேண்டும், அல்லது டவுன், அவே, ஆன் என்று ஒரு துண்டுச் சொல்லாவது வர வேண்டும். அது வரும்வரை வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘புட் தி ஃபேன் ஆன்’ என்று சொல்லியிருந்தால் அவர் கை சுவிட்சுக்குப் போயிருக்கும். ஆன் இல்லாததால் ஃபேனுக்குப் போனது.

நம் போடுவுக்கு இந்தக் கவலையே கிடையாது. டீ போடு, ஃபேன் போடு, சண்டை போடு, கோலம் போடு, ஓட்டுப் போடு. எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மொட்டை போட்டால் மட்டும் பழனியா திருப்பதியா என்று கேட்பார்கள்.

‘லவ்’ பற்றித் தனியாக விசாரித்திருந்தீர்கள். வடக்கு இங்கிலாந்தில் பஸ் டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் கரூர்ப் பக்கத்து ‘கண்ணு’ மாதிரி. மனசை அலைபாய விட வேண்டாம்.

ஜூன் 3

படுத்த பிறகு, நாம் அன்றாடம் உதிர்க்கிற மற்ற புட்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

‘யூ ஹேவ் புட் வெயிட்.’ உடம்பு போட்டுட்டீங்க என்பதன் நேர் நகல். இங்கேயும் காணாமல் போனது அதே ஆன்தான். ‘புட் ஆன் வெயிட்’ என்றால்தான் சதை ஏறும். தமிழிலும் இதில் ஒரு கண்ணிவெடி உண்டு: ‘எடை போட்டேன்’ என்றால் தராசில் நிறுத்தேன், ‘வெயிட் போட்டேன்’ என்றால் பெருத்துவிட்டேன். வெளியூர்க்காரருக்கு இதை விளக்க முயன்று பாருங்கள்.

‘டோன்ட் புட் சீன்.’ இதைத் தேற்ற முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் ‘புட் ஆன் அன் ஆக்ட்’ இருக்கிறது, வேஷம் போடுவது. நாடகம் மேடையேற்றுவதும் புட் ஆன். சட்டை போடுவதும் புட் ஆன். இல்லாத அக்சென்ட்டை வரவழைத்துப் பேசுவதும் புட் ஆன். துணி, சதை, வேஷம், அக்சென்ட் எல்லாமே உடம்பின் மேல் ஏறுகிறவை. அதனால் ஆன். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தோன்றியது. உடைக்கிறவர்கள் உடைக்கலாம்.

டீக்கு புட் ஆகாது, மேக்தான். ஆனாலும் பிரிட்டிஷ்காரர் ‘புட் தி கெட்டில் ஆன்’ என்பார். கெட்டிலை அடுப்பில் ஏற்றச் சொல்கிறார், அதாவது டீ போடச் சொல்கிறார். நம் ஆளுக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று கிடைக்காது.

சண்டைக்கு ‘புட் அப் எ ஃபைட்’ என்று ஒன்று உண்டு, ஆனால் அது குழாயடிச் சண்டை இல்லை. அடிவாங்கும் நிலையிலும் விடாமல் எதிர்த்து நிற்பது.

ஜூன் 5

‘துண்டுச் சொல்லை முழுங்கினால் குடியா முழுகிவிடும்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குக் கிட்டத்தட்ட முழுகியது.

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிக்கிற ஆளாக, சேர்ந்த புதிது. கிச்சன் டவல் சாம்பிள் வெளிநாட்டுக்குப் போயிருந்தது. சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து மெயில் வந்தது: டீம் உங்கள் டவலின் ஹேண்ட் ஃபீலால் (கையால் தொட்டால் கிடைக்கிற உணர்வு) கொஞ்சம் ‘புட் ஆஃப்’ ஆகியிருக்கிறது. எனக்குத் தெரிந்த புட் ஆஃப் ஒன்றே ஒன்று, தள்ளிப்போடுவது. ஹேண்ட் ஃபீல் பார்க்கிற வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பெருந்தன்மையாக, ‘நோ ப்ராப்ளம், ப்ளீஸ் டேக் யுவர் டைம்’ என்று பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து பையரே போன் செய்தார். ‘உங்கள் டவல் தொட்டாலே பிடிக்கவில்லை என்று எழுதுகிறேன், நிதானமாக யோசியுங்கள் என்கிறீர்களே’ என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அப்புறம்தான் டவலைத் தொட்டுப் பார்த்தேன். மொரமொரவென்று அப்பளம் மாதிரி இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி சலவையில் முழுசாகப் போகவில்லை. மறுபடி சலவைக்கு அனுப்பி, சாஃப்ட்னர் கொடுத்து, கூரியரில் புது சாம்பிள் அனுப்பினோம். ஆர்டர் பிழைத்தது, பாதி அளவில்.

ஆக, கஞ்சி போட்டது அவரைப் புட் ஆஃப் செய்தது, நான் அதைத் தள்ளிப்போட்டேன். முதலாளி இரண்டையும் என் கணக்கில் போட்டார்.

புட் ஆஃப் என்பதற்கு இந்த ‘மனம் விலகச் செய்வது’ என்ற அர்த்தம் சர்வசாதாரணம். நாற்றம் புட் ஆஃப் செய்யும், விலை புட் ஆஃப் செய்யும், சர்வர் டம்ளருக்குள் விரலை விட்டுத் தூக்கி வருவது புட் ஆஃப் செய்யும். ஒரு வேலையைத் தள்ளிவைப்பதும் ஒரு ஆளைத் தள்ளிப்போக வைப்பதும் ஒரே செயல் என்று இப்போது படுகிறது. அன்றைக்குப் படவில்லை.

ஜூன் 6

‘புட் என்றால் வை, போடு இல்லை. அடிப்படையே தப்பு’ என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். சாவியை மேஜை மேல் வை என்றாலும் புட், மேஜை மேல் போடு என்றாலும் புட். வைத்தால் பதவிசு, போட்டால் அலட்சியம். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மருமகள் தட்டை வைத்தாளா போட்டாளா என்பதில் நம் ஊரில் ஒரு குடும்பமே இரண்டாகும். புட் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அங்கே எப்படி மாமியார்கள் காலம் தள்ளுகிறார்களோ.

அருவமான விஷயங்களுக்கு வை இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. நம்பிக்கை வை, ‘புட் ஃபெய்த் இன்’. முற்றுப்புள்ளி வை, ‘புட் அன் எண்ட் டு’. கவனித்தீர்களா, இங்கேயும் இன், டு என்று வால் தொங்குகிறது. பழியைப் போட்டால் ‘புட் தி ப்ளேம் ஆன்’, நெருக்கடி கொடுத்தால் ‘புட் ப்ரஷர் ஆன்’, நடைமுறைக்குக் கொண்டுவந்தால் ‘புட் இன்டு ப்ராக்டிஸ்’, சோதித்துப் பார்த்தால் ‘புட் டு தி டெஸ்ட்’. கண்ணுக்குத் தெரியாத பழியாக இருந்தாலும் அது யார் தலையில் போய் உட்காருகிறது என்று சொல்லாமல் புட் விடாது. 2ஆம் தேதி சொன்னது இங்கேயும் நிற்கிறது. போடு போனாலும் ‘எங்கே’ போகவில்லை.

ஜூன் 6, மாலை

அதே அன்பர்: ‘குழம்பு வை என்பதற்கு என்ன சொல்வீர்கள்?’

குழம்பு வைப்பார்கள், வடை போடுவார்கள், இட்லி ஊற்றுவார்கள், தோசை சுடுவார்கள். ஆங்கிலேயன் எல்லாவற்றுக்கும் மேக் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், சாப்பாட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஜூன் 9

பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி கேட்டது: துண்டுச் சொல்லை எங்கே வைப்பது, பொருளுக்கு முன்னா பின்னா?

‘புட் ஆன் தி லைட்’ சரி. ‘புட் தி லைட் ஆன்’ இதுவும் சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் இட், ஹிம், தெம் என்று வந்தால் நடுவில் மட்டும்தான் உட்கார வேண்டும். ‘புட் இட் ஆன்’ சரி. ‘புட் ஆன் இட்’ என்றால் அதன் மேல் எதையோ வை என்று கேட்கும். புட் ஆஃப், புட் அவுட், புட் டவுன் எல்லாம் இதே ஜாதிதான்.

விதிவிலக்கு ‘புட் அப் வித்’. சகித்துக்கொள்வது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கை கோத்து நிற்கும், நடுவில் யாரையும் விடாது. ‘புட் அப் வித் இட்’ என்றுதான் சொல்ல முடியும்.

வாக்கியத்தை இன், ஆன், வித் போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் வாத்தியார்கள் பிரம்பை எடுப்பார்கள். அதைக் கேலி செய்ய ஒரு வாக்கியம் உண்டு: ‘அப் வித் விச் ஐ வில் நாட் புட்’. சகித்துக்கொள்ள மாட்டேன் என்பதைத் தலைகீழாகத் தொங்கவிட்டது. சர்ச்சில் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு, அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. நல்ல வாக்கியமாகப் பார்த்து அவர் கணக்கில் எழுதுவது வழக்கம். எங்கள் ஊரில் கிண்டலான பழமொழியை எல்லாம் தெனாலிராமன் தலையில் கட்டுவது போல.

ஜூன் 10

மான்செஸ்டர் அன்பரிடமிருந்து: ‘அந்தம்மா பட் என்பதையே புட் என்கிறார், எனக்குத் தலை சுற்றுகிறது.’

ஆங்கிலத்தை நக்கலடிக்க நாம் வைத்திருக்கும் பழைய ஆயுதம் இதுதானே: பி யூ டி பட், ஆனால் பி யூ டி புட். (தமிழில் எழுதினால் இரண்டு ‘பி’யும் ஒன்றாகிவிடுவதால் நக்கல் இன்னும் ஒரு படி ஏறுகிறது.) காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டுக்குமே உகர ஒலிதான். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் அந்த உகரம் பல சொற்களில் அகரத்தின் பக்கம் சாய்ந்தது. கப், கட், பட் எல்லாம் அப்படி வந்தவை. உதடு குவித்து ஆரம்பிக்கும் சில சொற்கள் மட்டும் நகர மறுத்தன: புட், புல், புஷ், ஃபுல். வடக்கு இங்கிலாந்து இந்த மாற்றத்துக்கே வரவில்லை. அங்கே இன்றைக்கும் புட்டும் பட்டும் ஒரே எதுகை. காது கொடுத்துக் கேளுங்கள், கப் என்பதும் ‘குப்’ என்று விழும்.

எழுத்து பழைய வீட்டிலேயே இருந்துவிட்டது, ஒலிகளில் பாதிப்பேர் வீடு மாறிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 11

குப் என்றுதான் சொல்கிறாராம். உறுதி செய்துவிட்டார்.

ஜூன் 14

புட் அப் வித் என்றதும் அப்பா சொன்ன கதை ஞாபகம் வருகிறது. அவர் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அலுவலக ஆங்கிலத்தில் ‘புட் அப்’ என்றால் கோப்பைத் தயார் செய்து அதிகாரி முன் வைப்பது. இன்றைக்கும் ‘ஃபைலை புட் அப் பண்ணிட்டீங்களா’ என்றுதான் கேட்பார்கள். கோப்பு மேஜைக்கு மேஜை மேலே ஏறும், அதனால் அப்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் கோப்பு ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரி கையால்: ‘புட் அப் வித் டிராஃப்ட்’. பதில் கடிதத்தின் வரைவோடு சேர்த்து வை என்று அர்த்தம். பையன் படிப்பாளி, அகராதியைப் புரட்டினான். புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். சரி, யாரோ எழுதின மோசமான வரைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று முடிவு செய்து, கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டான். மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது ‘பொறுத்துக்கிட்டேன் சார்’ என்றானாம்.

தங்கியிருப்பதற்கும் புட் அப் உண்டு. ‘வேர் ஆர் யூ புட்டிங் அப்?’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். இங்கிலாந்தில் அது பழைய வாடை அடிக்கும் வழக்கு, சத்திரத்தில் குதிரையோடு வந்து இறங்குகிற காலத்து வாசனை. ‘ஒரு வாரம் என்னை அவர் வீட்டில் புட் அப் செய்தார்’ என்பது மட்டும் இன்றைக்கும் நல்ல புழக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 15

மதுரைக்காரர் ஒருவர், ‘புட் அப் வித் டிராஃப்ட்’ சம்பவம் தன் அலுவலகத்தில் நடந்தது என்கிறார். இன்னொருவர் தன் மாமாவுக்கு என்கிறார். அப்பா கதையைக் கடன் வாங்கியிருக்கலாம். நேற்று எழுதியதை அடிக்கப்போவதில்லை, ‘எங்கோ நடந்தது’ என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20

‘ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா, மிகைப்படுத்துகிறீர்கள்’ என்பவருக்கு.

ஆக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு, ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். மூன்றாம் பதிப்புக்காக ‘எம்’ (M) என்ற ஆங்கில எழுத்திலிருந்து திருத்தத் தொடங்கியபோது 2000இல் ‘மேக்’ அதை முந்தியது. 2007இல் மேக்கை முந்தியது நம்ம ‘புட்’. நான்கு வருஷம் மகுடம் அதன் தலையில். 2011இல் ‘ரன்’ 645 அர்த்தங்களோடு வந்து பறித்துக்கொண்டது. எல்லாம் நாலணாச் சொற்கள், குழந்தை முதலில் கற்பவை. கடினமான சொற்களுக்கு அகராதியில் ஒரு வரி போதும், சின்னச் சொற்கள்தான் பக்கம் பக்கமாகத் தின்கின்றன.

அந்நியருக்கு இது பாடாய்ப்படுத்தும் என்பது அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு துண்டுச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்குப் பெரிய இடைஞ்சல் என்று எழுதிவிட்டார். இந்த ஒட்டு வினைகளுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது ரொம்பப் பின்னால், 1925 வாக்கில். நோய்க்குப் பெயர் வைக்கவே 170 வருஷம்.

லத்தீனில் ‘போனெரே’ என்றால் வைப்பது. போஸ்ட் என்றால் பின்னால். போஸ்ட்போன் என்றால் பின்னால் வைப்பது. புட் ஆஃப், போஸ்ட்போன், தள்ளிப்போடு: மூன்று மொழியும் நாளையை ஒரே மாதிரிதான் கையாள்கின்றன. நாம் அதோடு விடாமல், முன்கூட்டி வைப்பதற்கு ப்ரீபோன் என்றும் ஒன்றைப் புழங்குகிறோம். பிரிட்டிஷ்காரரிடம் சொன்னால் புருவம் உயரும். ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்பது அவர் வழக்கம். என்னைக் கேட்டால் ப்ரீபோன்தான் தர்க்கமான சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 21

பிடித்துவிட்டார்கள். ‘ஷாட் புட்டில் எங்கே என்ற கேள்வி எங்கே?’

நல்ல அடி. ஷாட் புட் தப்பித்த கதை இது: புட்டின் பழைய அர்த்தமே தள்ளுவது, உந்துவது. வைப்பது என்ற சாதுவான அர்த்தம் பிறகு படிந்தது. விளையாட்டில் மட்டும் பழைய முரட்டுப் புட் உயிரோடு இருக்கிறது. விதியும் அப்படித்தான்: ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு ஒட்டி வைத்து, தோளிலிருந்து ஒரு கையால் தள்ள வேண்டும். பந்து மாதிரி கையைப் பின்னால் கொண்டுபோய் எறிந்தால் ஃபவுல். நாமோ அதற்குக் குண்டு எறிதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெயரே ஃபவுல். குண்டு போடுதல் என்று வைத்திருந்தால் ஆங்கிலத்துக்கு நெருக்கமாக இருந்திருக்கும், போலீஸ்தான் வந்திருக்கும்.

கோல்ஃபில் குழிக்குள் மெதுவாகத் தட்டிவிடுவதும் இதே சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம்தான், ஆனால் அதைப் பட் என்று உச்சரிக்க வேண்டும். ‘புட்டிங்’, ‘பட்டிங்’ இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. இதற்கு மேல் 10ஆம் தேதிப் பிரச்சினையைக் கிளறினால் எனக்கே தலை சுற்றும்.

‘டு புட் இட் ப்ளன்ட்லி’, ‘வெல் புட்’ போன்றவற்றிலும் இடம் இல்லைதான். வார்த்தையை எப்படி வைத்தாய் என்பது இடத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது என்று சமாளிக்கிறேன். ‘ஸ்டே புட்’ என்றால் இருக்கிற இடத்திலேயே கிட. அங்கே இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதனால் கேள்வி இல்லை. சமாளிப்புதான், தெரியும்.

ஜூலை 2

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

வீட்டிலிருந்து வீடியோ மீட்டிங். அந்தப் பக்கம் பையரின் ஆட்கள் நாலு பேர். மடியில் எங்கள் வீட்டு ராஜி, திடீரென்று குரைக்க ஆரம்பித்தாள். கேமராவை அணைத்தேன், அவளை இறக்கிவிட்டு அறைக்கு வெளியே தள்ளினேன், கதவைச் சாத்தினேன், கேமராவைப் போட்டேன். ‘சாரி, ஐ ஹேவ் புட் தி டாக் டவுன். வி கேன் கன்டின்யூ’ என்றேன்.

நாலு சதுரத்திலும் நாலு முகம் உறைந்து நின்றது. ஒரு அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தீராத நோயில் கிடக்கும் நாயை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடிப்பதற்கும் ‘புட் டவுன்’தான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் அதுதான் வந்தது. இரண்டு நிமிஷ இடைவெளியில் நாயைத் தீர்த்துக்கட்டிவிட்டு, ஷிப்மெண்ட் தேதியைப் பேச உட்கார்ந்த ஆளாக நான் அவர்கள் முன் இருந்தேன். நல்லவேளை, ராஜி கதவைப் பிராண்டினாள். மைக்கில் கேட்டது.

ஜூன் 5ஆம் தேதி டவல் கதையில் துண்டுச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இதில் சரியாகவே சொன்னேன், அதுவே தப்பாகப் போனது.

ஜூலை 4

காலுக்கு மட்டும் ஒரு குறிப்பு. காலைக் கீழே ஊன்றினால், ‘புட் யுவர் ஃபுட் டவுன்’, கறாராகச் சொல்லிவிடுவது. காரில் உட்கார்ந்து சொன்னால் ஆக்சிலரேட்டரை மிதிப்பது. கால் ‘அதில்’ போய்விட்டால், ‘புட் யுவர் ஃபுட் இன் இட்’, உளறிக்கொட்டிவிட்டீர்கள் (நாய் விஷயத்தில் நான்). இரண்டு காலையும் மேலே தூக்கிப் போட்டால், ‘புட் யுவர் ஃபீட் அப்’, ஓய்வு. அதே கால், அதே புட், இடம் மட்டும்தான் மாறுகிறது.

நம் ‘கால் மேல் கால் போட்டு’ மட்டும் அங்கே புட் இல்லை, க்ராஸ். அதில் மரியாதைக் குறைவும் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கால் மேல் கால் போட்டதால் எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தம் முறிந்திருக்கிறது.

ஜூலை 19

கொஞ்ச நாள் எழுதவில்லை, சீசன். இதற்கு நடுவில் தறிப் பக்கம் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருஷமாகத் தறி ஓட்டுகிற பையன். தமிழ் நன்றாகப் பேசுவான். போன வாரம் தனியாக வந்து நின்றான். ‘சார், நான் லேட்டா வந்ததை அவன் சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன போட்டான், என்ன கொடுத்தான்?’

நான் வாயைத் திறந்து மூடினேன். ஒன்றும் போடவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை, கோள் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டு, நோட்டில் எழுதி வைத்திருந்த மற்றதை எல்லாம் எடுத்தான். போட்டு வாங்கினான்: தெரிந்த மாதிரி பேசி விஷயத்தைக் கறந்தான். போட்டுடைத்தான்: ரகசியத்தை வெளியே விட்டான். போட்டுத் தள்ளினான்: இதைச் சத்தமாகக் கேட்காதே தம்பி. போட்டுப் பார்த்தான்: சட்டையாக இருந்தால் அளவு பார்த்தான், கணக்காக இருந்தால் விடை பார்த்தான்.

அரை மணி நேரம் ஆயிற்று. அவன் முகத்தில் இருந்தது அந்தக் கஞ்சி டவல் மெயிலைப் பார்த்தபோது என் முகத்தில் இருந்த அதே களை.

ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஆன், ஆஃப், அப் என்று துண்டு ஒட்டுகிறது. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையையே ஒட்டுகிறோம். தூங்கிப்போனான், கிழித்துப்போட்டான், ஒதுக்கிவைத்தான், சொல்லித்தொலை. தூங்கிப்போனவன் எங்கும் போகவில்லை, சொல்லித்தொலைத்தவன் எதையும் தொலைக்கவில்லை. ‘டோஸ் ஆஃப்’, ‘டேர் அப்’, ‘புட் அசைட்’ என்று எதிர்வரிசை நிறுத்தினால் பாதிக்கு மேல் ஜோடி சேரும். சொல்லித்தொலை என்பதில் இருக்கிற எரிச்சலுக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை, அது நம் தனிச்சொத்து.

நாம் இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. யார் எப்போது எந்த முகத்தோடு சொன்னார்கள் என்பதோடு சேர்ந்து ஏறியவை. எனக்குப் புட் ஆஃப் இனி மறக்காது, அந்தப் பையனுக்குப் போட்டுக்கொடுப்பது மறக்காது. சூப்பர்வைசர் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்.

ஜூலை 20

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒருவர்: ‘சொல்லிப்போட்டுப் போ, மறந்துபோட்டன் என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அதை விட்டுவிட்டீர்களே.’

விட்டுப்போட்டேன், மன்னிக்கவும். கொங்குப் பக்கமும் இப்படித்தான்: வந்துபோட்டு, மறந்துபோட்டேன். சென்னைக்காரர் ‘வந்துட்டு’ என்கிற இடத்தில் நாங்கள் நிறுத்தி நிதானமாகப் போடுவோம்.

ஆகஸ்ட் 8

கேள்வி கேட்ட மான்செஸ்டர் அன்பர் ஊர் திரும்பிவிட்டார். கடைசி நாள் ‘குட் யூ புட் தி ஃபேன் ஆன்?’ என்று திருத்தமாகக் கேட்டாராம். அந்தம்மா, ‘மழை பெய்கிறதே, எதற்கு?’ என்றாராம்.

ஆகஸ்ட் 9

ஸ்காபரோ அன்பர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர் மகளுக்கு ஆறு வயது, அங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று கட்டளை. நேற்று இரவு படுக்கையில் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள்: ‘அப்பா, லைற்றை மேல போடுங்கோ.’

மேலே என்றால் எங்கே என்று கேட்க வாயெடுத்தாராம். அப்புறம் எழுந்துபோய்ப் போட்டாராம்.